அனர்த்த தண்டம்: வீண்செயல் விலக்கும் விரதம்



இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்தளித்த விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சா விரதம் நான்கு. இவற்றுள் கொல்லாமையை அடிக்கடி பேசுகிறோம். பொருள் வரையறையையும் பேசுகிறோம். ஆனால் குணவிரதங்களுள் ஒன்றாகிய அனர்த்த தண்ட விரதத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பயன் ஒன்றுமின்றிப் பிற உயிர்க்குத் தீங்கு செய்வதை விலக்குதலே இவ்விரதம். அதன் பெருமையை எனக்கு உணர்த்தியது நூல் அன்று. என் வீட்டு மொட்டைமாடித் தொட்டி.

ஆசிரியப் பயிற்சி முடித்து, பணியின் பொருட்டு வடமாவட்டத்திலிருந்து வத்திராயிருப்புக்கு வந்தவள் நான். ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். பிளவக்கல் அணைகளும் கண்மாய்களும் நெல்லையும் தென்னையையும் வளர்க்கும் ஊர். ஆயினும் கோடை நீண்டால் இங்கும் குடத்தோடு காத்திருக்கும் பெண்களைக் காணலாம்.

அப்படிப்பட்ட ஒரு கோடைக்காலையில் மோட்டாரை இயக்கிவிட்டுச் சாமாயிகத்தில் அமர்ந்தேன். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். பாதியிலேயே தொட்டி நிறைந்து நீர் வழியும் ஓசை கேட்டது. விரதம் கலையலாகாது என்று கண்ணை மூடியே இருந்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி வாசலில் நின்று, "டீச்சரம்மா, உங்க தண்ணி ரோட்டுல ஓடுது. எங்க வீட்டுல ஒரு குடம் தண்ணி இல்ல" என்று குரல் கொடுத்தார். அதற்கும் நான் எழவில்லை. முடித்து வெளியே வந்தபோது தெரு நனைந்திருந்தது. அவரோ கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

அன்று முழுவதும் என் மனம் அமைதியுறவில்லை. நாள்தோறும் நீரை மெல்லிய துணியால் வடிகட்டி அருந்துபவள் நான். ஒரு டம்ளர் நீரில் உள்ள சிற்றுயிருக்காகத் துணி பிடித்தவள், நூற்றுக்கணக்கான லிட்டர் நீரைச் சாக்கடைக்கு அனுப்பினேன். நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று மாணவப் பருவத்திலேயே கற்றவள் செய்த செயலா இது?

சாமாயிகத்தில் எழாதிருந்தது பிழையா என்று முதலில் எண்ணினேன். பின்னர்த்தான் தெளிந்தேன். பிழை அமர்ந்த பின் நிகழ்ந்ததன்று, அமருமுன்னரே நிகழ்ந்தது. மோட்டாரை நிறுத்தும் பொறுப்பை எண்ணாமல் அமர்ந்தேனே, அந்தக் கவனமின்மைதான் பிழை. அதற்கு நம் நூல்கள் தந்துள்ள பெயர் பிரமாதம்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்த தண்டத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். பாவச் செயலுக்கு யோசனை கூறுதல், கொலைக் கருவிகளைக் கொடுத்துதவுதல், தீய எண்ணம், தீயவற்றைக் கேட்டல் என்பன நான்கு. ஐந்தாவது பிரமாத சரியை. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல், செடிகொடிகளை வெட்டுதல் முதலியன அதனுள் அடங்கும். 'சுற்றுச்சூழல்' என்னும் சொல் நம் வழக்கில் இல்லாத காலத்திலேயே நிலம், நீர், தீ, காற்று, தாவரம் என்று ஐந்தையும் அவர் வரிசைப்படுத்திவிட்டார்.

இல்லறத்தார் ஓரறிவுயிர்க்கு முற்றும் தீங்கு செய்யாமல் வாழ இயலாது. சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், உழ வேண்டும். ஆதலால் அணுவிரதத்தில் நமக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆனால் அந்த விலக்கு தேவையின் அளவே. தேவைக்கு மேல் செலவாகும் ஒவ்வொரு துளிக்கும் விலக்கு இல்லை. இதுவே இவ்விரதத்தின் உட்பொருள்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று இளையோர் கேட்கின்றனர். கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வீடுகளில் அக்கேள்வி நியாயமே. எனினும் நான் கூறப்போகும் எதுவும் நேரத்தைக் கேட்பதன்று. நினைவை மட்டுமே கேட்பது.

முதலில் நீர். சொட்டும் குழாயின் கீழ் 200 மி.லி. டம்ளரை வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அது நிறைந்தால், நாளொன்றுக்கு 24 டம்ளர், ஆண்டுக்கு 1,752 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தில் 116 குடத்திற்கும் மேல். சிறிய வாஷர் ஒன்று அதனை நிறுத்திவிடும். தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழாயில் இன்று சருகு அடைத்திருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது தீ. நீர் கொதித்த பின் தணலைக் கூட்டினாலும் அதன் சூடு ஏறாது, ஆவிதான் மிகும். ஆதலால் கொதி வந்ததும் தணலைக் குறைத்து, பாத்திரத்தை மூடுங்கள். பருப்பை முன்கூட்டியே ஊறவைத்தால் விரைவில் வேகும். 60 வாட் குண்டு விளக்கு தரும் ஒளியை ஏறத்தாழ 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. சூரியன் மறையுமுன் உண்ணும் நம் மரபைக் காப்போர்க்கு அடுக்களை விளக்கின் தேவையும் குறையும்.

மூன்றாவது காற்று. குப்பையைக் கொளுத்துதல் நம் தெருக்களில் இன்னும் உண்டு. நெகிழி எரிந்தால் நச்சுப்புகை எழும். சருகினுள் வாழும் எறும்பும் பூச்சியும் மாண்டுபோகும். ஒரே தீக்குச்சியில் எத்தனை கொலை! தென்னை மட்டையையும் சருகையும் மரத்தடியில் மூடாக்காகப் பரப்பிவிடுங்கள். "மக்கும் குப்பையில் உயிர்கள் தோன்றுமே, அது ஹிம்சை ஆகாதா?" என்று ஓர் அன்பர் கேட்டார். நல்ல கேள்வி. முதற்கடமை உணவை மிச்சமாக்காதிருத்தல். எஞ்சிய தோலையும் சருகையும் நிழலில் இட்டு, கிளறாமல் விட்டுவிடுதல். அங்கே தோன்றும் உயிரை நாம் கொல்வதில்லை, கொளுத்தினால்தான் கொல்கிறோம்.

நான்காவது நிலம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் எங்கள் மலை ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சதுரகிரிக்குச் செல்லும் பக்தர் எறியும் ஒரு பை மானின் வயிற்றிலும் சேரலாம். மஞ்சள் பை ஒன்றை மடித்து வண்டியிலேயே வைத்துவிட்டால், மறந்தேன் என்று சொல்ல இடமிராது.

ஐந்தாவது தாவரம். தட்டில் எஞ்சும் ஒரு பிடி சோற்றுக்காகவும் நெற்பயிர் வெட்டப்பட்டது. கண்மாய் நீர் பாய்ந்தது. உழவர் குனிந்து உழைத்தார். குறைவாக இட்டு, வேண்டுமாயின் மறுமுறை இடுங்கள்.

இவற்றை வாழ்நாள் முழுவதும் காப்பேன் என்று உறுதி கூற அஞ்சுவோர்க்கும் வழி உண்டு. வாழ்நாள் விரதத்திற்கு யமம் என்றும், கால வரையறை உடையதற்கு நியமம் என்றும் பெயர். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு திங்கள், இரு திங்கள், ஆறு திங்கள் என நியமத்திற்குக் காலம் கூறப்பட்டுள்ளது. அலுவல் மிகுந்தோர்க்கு இதனினும் எளிய வாயில் வேறில்லை. அடுத்த அட்டமியிலிருந்து சதுர்த்தசி வரை ஒன்றே ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். முடிந்ததும் நீட்டியுங்கள். பழகியபின் அது விரதமாகத் தோன்றாது, இயல்பாகிவிடும்.

எங்கள் ஊரிலிருந்து சென்று காணத்தக்க தொலைவில் கழுகுமலை உள்ளது. அங்கே தீர்த்தங்கரர் திருவுருவங்களின் அருகில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்வெட்டுகளில், குரவர்களோடு குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் கற்பித்த அறத்தைப் பின்வந்த ஆசிரியை ஒருத்தி தெருவில் ஓடவிட்டாளே என்னும் நாணம் எனக்கு இன்றும் உண்டு.

அன்று மாலையே எதிர்வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்பு வேண்டினேன். இப்போது சாமாயிகத்திற்கு அமருமுன் மோட்டார் நின்றுவிட்டதா என்று பார்ப்பது என் முதல் நியமம். தொட்டி நிறைந்திருக்கும் நாளில் அப்பெண்மணியின் குடங்களும் நிறைகின்றன. அதன்பின் கண்மூடி அமர்ந்தால் மனம் எளிதில் ஒன்றுகிறது.

பயனில்லாத் தீங்கு ஒழிக. எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. ஜினதர்மம் வளர்க.