அறியாது கூறும் பொய்

பஞ்ச சீலத்துள் நான்காவதாகிய பொய்யாமையை மேற்கொண்ட ஒருவன் மனமறியப் பொய் சொல்லவில்லை. தான் கண்டதாக நம்பியதையே சொன்னான். ஆயினும் அவன் சொன்னது மெய்யன்று எனப் பின்னர்த் தெரியவருகின்றது. அவன் சீலம் கெட்டதோ, கெடவில்லையோ? ரேணிகுண்டாவில் நாம் நடத்தும் வாரக் கூட்டத்தில் அன்பர் ஒருவர் எழுப்பிய இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

உரைநூல்களில் இதற்குச் சுருக்கமான விடை உண்டு. பொய்யென்னும் குற்றம் நிறைவுறுவதற்கு நான்கு உறுப்புகள் வேண்டுமென்பர்: சொல்லப்படும் செய்தி மெய்யல்லாததாதல், ஏமாற்றும் எண்ணம், அவ்வெண்ணத்தால் எழும் முயற்சி, கேட்போன் அதனை விளங்கிக்கொள்ளுதல். எண்ணம் இல்லாதவிடத்துப் பொய்யும் இல்லை. ஆகவே அம்மனிதன் சீலம் கெடவில்லை. இவ்வளவோடு நாம் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அவன் சொல்லால் துன்புற்றவன் ஒருவன் இருப்பானாயின், அவனுக்கு இவ்விடை போதுமா?

அமெரிக்க நாட்டு வடகரோலினா மாநிலத்தில் 1984-ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி பலாத்காரத்துக்கு உள்ளானார். கொடியவனுடைய முகத்தை மறவாமல் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுமென்று அந்தப் பொல்லாத நேரத்திலேயே அவர் உறுதி பூண்டார். போலீசார் காட்டிய படங்களுள் ரொனால்டு காட்டன் என்பவரைச் சுட்டினார். பின்பு வரிசையில் நிறுத்தப்பட்டோருள்ளும் அவரையே சுட்டினார். நீதிமன்றத்தில் எள்ளளவும் ஐயமின்றிச் சாட்சி சொன்னார். 1987-இல் மறுவிசாரணை நடந்தபோது மெய்யான குற்றவாளியையே அவர் கண்முன் கொண்டுவந்து காட்டினர். அவனைத் தாம் கண்டதேயில்லை என்றார். காட்டன் பத்தாண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்து, 1995-இல் டி.என்.ஏ. சோதனையினால் குற்றமற்றவரென விடுதலை பெற்றார். அப்பெண்மணி பொய்யரல்லர். அவருடைய நினைவில் கொடியவனின் முகம் நின்ற இடத்தில் காட்டனின் முகம் வந்து குடியேறிவிட்டது. ஒவ்வொரு முறை சுட்டியபோதும் அது மேலும் வேரூன்றியது.

இஃது எவ்வாறு நேர்கின்றது? நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த பத்திரம் போன்றது, எப்பொழுது திறந்தாலும் வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நம்மவருட் பலர் எண்ணியிருக்கின்றனர். ஆராய்ச்சியாளர் கண்டது வேறு. 1953-இல் ஹென்றி மொலெய்சன் என்னும் இருபத்தேழு வயது அமெரிக்கருக்கு, தீராத வலிப்பு நோயை மாற்றும்பொருட்டு, மூளையின் இருபுறத்து உட்பகுதியிலும் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பங்கை வெட்டியெடுத்தனர். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன்பின் நிகழ்ந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பல்லாண்டுகள் அவரைச் சோதித்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதியவராகவே தோன்றினார். எனினும் இளமைக்கால நினைவுகள் பல அழியாதிருந்தன. 2008-இல் அவர் இறக்கும்வரை நிலைமை இதுவே. இதனால் விளங்கியது யாதெனில், நினைவைத் தொடக்கத்தில் கட்டும் இடம் ஒன்று, காலம் செல்லச் செல்ல அது பரவி நிலைக்கும் இடம் வேறொன்று என்பதாம். கைப்பழக்கம் இவ்விரண்டிலும் சேராத தனிவகை. கண்ணாடியிற் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரைய அவர் நாளுக்கு நாள் நன்றாகக் கற்றார். கற்றதாக மட்டும் அவருக்கு நினைவில்லை.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நிகழ்ச்சி மனத்தில் தைக்கும்போது அவ்வணுக்கள் ஒன்றோடொன்று கூடும் சந்திகளிற் சில வலுப்பெறுகின்றன. அவ்வலு நெடுநாள் நிற்கவேண்டுமாயின் அணுக்களுக்குள் புதிய புரதம் உண்டாக வேண்டும். கடல் நத்தையை வைத்து இவ்வழியை ஆராய்ந்த எரிக் காண்டெல் 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார். அதே ஆண்டில் நியூயார்க்கு நகரத்தில் கரீம் நாதர் முதலியோர் எலிகளைக் கொண்டு வியப்பான ஒன்றைக் காட்டினர். ஓசை கேட்டால் அஞ்சுமாறு பழக்கிய எலிக்கு, அவ்வச்சம் ஊன்றிய பின்னர், மீண்டும் அவ்வோசையைக் கேட்பித்து, உடனே புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை மூளையில் செலுத்தினர். பழைய அச்சம் மறைந்தது. நினைவூட்டாமல் மருந்து மட்டும் செலுத்திய எலியிடம் அச்சம் அப்படியே இருந்தது. அதாவது, நினைவு எடுக்கப்படும்போது இளகுகின்றது. மீண்டும் இறுகும்வரை அதில் வேறொன்று கலக்கலாம்.

நூற்பாலையில் உழைத்தோர்க்கு இதனை விளக்குவது எளிது. ரிங் பிரேமில் அறுந்த இழையைச் சேர்க்கும்போது பழைய நுனியோடு புதுப்பஞ்சும் முறுக்கேறிப் போகின்றது. தேர்ந்த கை சேர்த்த இழையில் இணைப்பு எதுவெனப் பார்ப்பவர்க்குத் தெரியாது. சேர்த்தவனுக்கும் மறுநாள் தெரியாது.

இனி நம்மவருக்கு இதிலுள்ள கேட்டைச் சொல்வோம். பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அவரோடு உழைத்தோரும் எலிகளைப் பத்து நாள், நாள்தோறும் சிறிது நேரம், அசையவொட்டாமல் அடைத்துவைத்தனர். அத்துன்பத்தால் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்குரிய அமிக்டலா என்னும் பகுதியிலோ கிளைகள் பெருகின. பின்னர் இருபத்தொரு நாள் துன்பமின்றி விட்டபோது முதற்பகுதி பழைய நிலைக்குத் திரும்பிற்று. அமிக்டலாவின் பெருக்கமும் எலியின் நடுக்கமும் மாறவில்லை என்று 2004-இல் வெளியிட்டனர். எலிக்குக் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் தகாது. எனினும் இழிவுற்று வாழ்ந்தோர்க்கு இது புதுச்செய்தியன்று. நாளும் கிழமையும் தேய்கின்றன, நடுக்கம் நிற்கின்றது.

நாம் வேலை செய்த ஆலை ஒன்றில் மேஸ்திரி ஒருவர் ஓர் இளந்தொழிலாளியைச் சாதிப்பெயர் சொல்லி அடித்தார். விசாரணை எட்டு மாதங் கழித்து நடந்தது. கண்டவர் இருவர். காலை ஷிப்டு என்றார் ஒருவர். இரவு ஷிப்டு என்றார் மற்றவர். அடி விழுந்ததையும் சொன்ன சொல்லையும் இருவரும் ஒன்றாகவே உரைத்தனர். சாட்சிகள் முரண்படுகின்றனவென்று புகாரைத் தள்ளினார்கள். நிர்வாகத்திடம் ஷிப்டுப் பதிவேடு உண்டு. தொழிலாளியிடம் நினைவு ஒன்றே உண்டு. பதிவேடு தரவேண்டிய விடையை நினைவினிடம் கேட்டு, அது தடுமாறியதும் முழுவதும் பொய்யென்பது எந்த நீதி?

மொழியும் ஒரு தடை. ரேணிகுண்டா முன்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் உள்ள ரயில் சந்திப்பு. இங்குத் தமிழர் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசுவர். தமிழில் நடந்த வசவைத் தெலுங்கில் வினவினால் நாவு தடுமாறும். அமெரிக்காவில் குடியேறிய ரஷ்யரை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ரஷ்ய மொழியில் வினவினால் ரஷ்ய மொழிச் சூழலில் நிகழ்ந்தவையும், ஆங்கிலத்தில் வினவினால் ஆங்கிலச் சூழலில் நிகழ்ந்தவையும் மிகுதியாக நினைவுக்கு வந்தனவென்று காட்டினர். தடுமாற்றத்தைக் கண்டவுடன் பொய்யென முடிவுகட்டும் அதிகாரிகள் இதனை ஒருமுறை படித்தல் நலம்.

அப்படியாயின் நம்மவர் நினைவை ஒருவரும் ஐயுறலாகாது என்கின்றோமா? இல்லை. காட்டனும் ஏழை, கறுப்பர்; பிறருடைய நினைவினாலேயே சிறை புகுந்தார். மஜ்ஜிம நிகாயத்துச் சங்கி சுத்தத்தில் பகவர் காட்டிய வழி இங்கே பயன்படும். ஒருவன் வழிவழிக் கேட்டதைக் கேட்டதென்றும், நம்புவதை நம்பிக்கையென்றும் உரைக்குமளவும் அவன் வாய்மையைக் காக்கின்றான். இதுவே மெய், பிற எல்லாம் பொய் என்று அறுதியிடும்போது அக்காப்பு நீங்குகின்றது. மூளை செய்யும் இட்டுநிரப்புதலுக்கு நாம் பொறுப்பாளியல்லோம். அது நம்மைக் கேட்டுச் செய்வதில்லை. நினைவின்மேல் நாம் ஏற்றும் உறுதிக்கோ நாமே பொறுப்பாளிகள். "அடித்ததைக் கண்டேன், ஷிப்டு நினைவில்லை" என்பது முழுச்சாட்சி. வழக்கு வலுப்பெறவேண்டுமென்று இருவரும் கூடிப்பேசி ஒரு ஷிப்டை ஒப்புக்கொள்வார்களாயின், அன்றே நான்கு உறுப்புகளும் நிறைந்துவிடும்.

பழைய சங்கத்தார் ஒருவர் நினைவை நம்பி இருக்கவில்லை. பாணகர் என்னும் ஓதுவோர் கூட்டங்கூட்டமாய் ஓதினர். ஒருவர் வழுவினால் அடுத்தவர் குரல் திருத்தும். கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் குறைந்தபோது, மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் திரிபிடகத்தை ஏட்டில் எழுதினரென்பது மரபு.

எனவே நம் கூட்டத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கின்றோம். அவமதிப்போ அடியோ நேர்ந்தால் அன்றிரவே, நடந்த மொழியிலேயே, ஒருவரோடொருவர் பேசுமுன் தனித்தனியே எழுதச் சொல்கின்றோம். எழுத்தறியாதார் சொல்ல இளைஞர் எழுதுவர். கண்டது, கேட்டது, ஊகித்தது என மூன்று பத்திகள். முதியோர் கூறும் பழைய நிகழ்ச்சிகளில் நாளுக்குரிய இடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கின்றது. அதனை நிரப்ப வேண்டாமென்று இளைஞர்க்குக் கூறியிருக்கின்றோம்.