எருமைக்கு உடம்பு சரியில்லை

பட்டாயாவைப் பற்றி வெளிநாட்டு ஆண்கள் எழுதிய நாவல்கள் சிலவற்றைத் தொடர்ந்து வாசித்தேன். கதை ஏறக்குறைய ஒன்றுதான். தனிமையில் வாடும் வெள்ளைக்காரன், பாரில் வேலை செய்யும் ஈசான் பகுதிப் பெண், காதல், பிறகு அவள் பணம் கேட்பது. ஊரில் எருமைக்கு உடம்பு சரியில்லை என்பாள். அந்த எருமை அங்கே பழைய நகைச்சுவை. அவள் ஏமாற்றுக்காரி என்பதற்கு அதுவே அத்தாட்சி.

நானும் சிரித்தேன். அவனுக்காக வருந்தவும் செய்தேன்; அதுதான் இப்போது உறுத்துகிறது. மிஷெல் உல்பெக்கின் ‘பிளாட்ஃபார்ம்’ (2001) பட்டாயாவில்தான் முடிகிறது. அங்கேயும் துக்கம் அவனுடையது.

அவள் பொய் சொல்லலாமா என்று கேட்கும் இக்கதைகள், புன்னகையை விலைக்கு வாங்கியவன் அதில் உண்மையை எதிர்பார்க்கலாமா என்று கேட்பதில்லை. வியட்நாம் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வெடுக்க வந்து மாறிப்போன மீனவக் கிராமம் அது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொழில் அங்கே குற்றம். ஆனால் பார் விளக்குகள் அணைவதில்லை. போலீஸிடம் உண்மை சொன்னால் அவள் மீது வழக்கு. வாடிக்கையாளனிடம் சொன்னால் அவன் அடுத்த பாருக்குப் போய்விடுவான். பிறகு எந்த உண்மையை யாரிடம் சொல்வாள்?

எருமை நிஜமாகவே செத்திருந்தால்? நான் வாசித்த ஒரு கதையிலும் எவனும் அவளோடு பஸ் ஏறி ஊருக்குப் போய்ப் பார்க்கவில்லை.