சொல்லின்றி வரும் ஆசி

சொல்லே இல்லாத இசை இறைவனைப் பற்றி எதையேனும் உணர்த்த இயலுமா என்ற வினாவுக்கு, இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் லிஸ்ட் 'தனிமையில் இறைவனின் ஆசி' எனப் பெயரிட்ட பியானோ படைப்பு நல்லதோர் உரைகல். 1853இல் வெளியான, பத்துப் பகுதிகள் கொண்ட ஒரு தொகுப்பில் மூன்றாவதாக அமைந்த இதன் பெயரும், முகப்பில் இடம்பெற்ற வரிகளும் பிரெஞ்சுக் கவிஞர் லமார்த்தீனுடையவை. 1847இல், ஐரோப்பாவே கொண்டாடிய மேடை வாழ்வைத் தமது 35ஆம் வயதில் துறந்து, இன்றைய உக்ரைனில் உள்ள வொரோனின்ஸ் பண்ணை மாளிகையில் லிஸ்ட் தங்கியிருந்த காலத்தோடு இத்தொகுப்பு பிணைந்தது.

தொகுப்பு வெளியான அடுத்த ஆண்டே, 1854இல், இசையின் உள்ளடக்கம் ஒலிகளின் அசைவுற்ற வடிவங்களே என்று இசைத் திறனாய்வாளர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் வாதிட்டார். அவர் வழியில் நோக்கினால், பெயரையும் கவிதையையும் நீக்கியபின் இங்கே எஞ்சுவது இனிய ஒலிக்கோலம் மட்டுமே. ஆயினும் சமயத்தின் உயிர் கோட்பாட்டில் இல்லை, எல்லையற்றதை உணர்வதில் உள்ளது என்று 1799இலேயே இறையியலாளர் ஷ்லையர்மாகர் எழுதியிருந்ததை நினைவிற்கொண்டால், ஆசியை உணர்த்துவதற்கு இறைவன் என்ற சொல் இன்றியமையாததா என்ற ஐயம் எழுகிறது.

விடையை ஒலிக்கோலத்திலேயே தேட வேண்டும். பியானோவில் வழக்கமாக வலக்கை மேலே பாட, இடக்கை கீழே துணைநிற்கும். இப்படைப்பின் தொடக்கத்திலோ, ஆண் குரலின் உயரத்தில் அமைந்த மெட்டை இடக்கை மெல்ல எடுத்துச் செல்ல, வலக்கை அதன்மேல் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே, நீர்மேல் ஒளி நடுங்குவதுபோல ஓயாது அலைந்துகொண்டிருக்கிறது. அந்த அலைவு எங்கும் விரைவதில்லை, அசைந்தபடியே நிலைத்திருக்கிறது. பாடும் குரல் ஒளியை எட்டிப் பிடிக்க முயலாமல் அதன் அடியில் அமர்ந்திருப்பதால், கேட்டுப் பெறாமல் தானாக வந்து சேரும் கொடை, அதாவது கிறித்தவ இறையியல் 'அருள்' என வழங்குவது, இங்கு இசையின் கட்டமைப்பாகவே ஆகிவிடுகிறது என்று துணிந்து கூறலாம்.

எஃப் ஷார்ப், டி, பி ஃபிளாட் என்னும் மூன்று மேஜர் சுருதிநிலைகளைத் தொட்டுப் படைப்பு மீண்டும் முதல் நிலைக்குத் திரும்புகிறது. இவை ஓர் எண்மத்தை (ஆக்டேவை) சமமான மூன்று கூறுகளாகப் பிரிப்பவை; இதில் திரித்துவத்தைக் காண விழைவோர் காணலாம் என்றாலும், இசைக்கு அத்தகைய குறியீடு தேவைப்படவில்லை. முதல் மெட்டு திரும்பும்போது முன்பிருந்த அடக்கத்தைக் கடந்து பெருகி, முழுப் பியானோவையும் நிறைக்கிறது. அதன்பின் நடுப்பகுதிகளின் நினைவுகள் ஒவ்வொன்றாக வந்து தணிய, முகப்பு வரிகளில் லமார்த்தீன் இந்த அமைதி எங்கிருந்து வருகிறது என வினவியதற்கு, லிஸ்ட் விடை ஏதும் ஒலிக்காமல், மெல்லிய சில நாதக்கூட்டுகளோடு கைகளை எடுத்துவிடுகிறார்.