சாமிக்குக் கவசமா?

செம்புத் தகட்டை அடிக்க அடிக்க அது இறுகும். முதலில் கைக்கு இணங்கி வளைந்த தகடு, ஒரு சுற்று அடித்து முடிப்பதற்குள் முரண்டு பிடிக்கத் தொடங்கிவிடும். சுத்தி துள்ளித் திரும்பும். மந்தமாக இருந்த ஓசை கணீரென்று மாறும். அந்த ஓசை காதில் விழுந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். மீறினால் விளிம்பில் விரிசல் விடும். நெருப்பிலிட்டு, மங்கலான சிவப்பு ஏறும்வரை காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் தகடு பழையபடி இளகிவிடுகிறது. எஃகுக்கு இதே உபசாரம் செய்தால் அது கடினப்படும். செம்பின் சுபாவம் வேறு. அடிபடும்போது உள்ளிருக்கும் படிகங்களின் அடுக்கு குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது என்றும், சூடு பட்டதும் அந்தச் சிக்கல் தீர்ந்து புதிய படிகங்கள் பிறக்கின்றன என்றும் உலோகம் படித்தவர்கள் சொல்வார்கள். ஒரு கவசம் முழுதாக உருவாவதற்குள் இப்படிப் பலமுறை இறுகி, பலமுறை இளக வேண்டும்.

உத்தமபாளையத்தில் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பழைய கிரேக்க பாணி மார்க்கவசம் ஒன்றை அடிக்கத் தொடங்கிய நாட்களில், அடுத்த வீட்டு அம்மா சுவரோரம் நின்று கேட்டார். "சாமிக்குக் கவசமாப்பா?"

"இல்லைங்கம்மா, மனுசனுக்கு."

"மனுசனுக்கு எதுக்குப்பா கவசம்?"

அவர் கேட்டது வெறும் விசாரிப்பு. ஆனால் அந்தக் கேள்விக்குள் எத்தனையோ தலைமுறைகளின் பழக்கம் இருக்கிறது. தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் நம் பள்ளத்தாக்கில் கவசம் என்றால் அது கருவறையில் இருப்பது. கல்லாலான திருமேனிக்கு மார்பு, கை, பாதம் என்று தனித்தனியாக அடித்து, விசேஷ நாளில் சாத்துவது. கார்த்திகை பிறந்துவிட்டால் கறுப்பு வேட்டியோடு கம்பம் வழியாகக் குமுளிக்கு ஏறுகிற ஐயப்ப பக்தர்கள் எல்லோருக்கும் தங்க அங்கியைத் தெரியும். திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் 1973இல் காணிக்கையாக அளித்தது அது. ஆண்டுதோறும் மண்டல பூஜைக்காக ஆறன்முளையிலிருந்து சபரிமலைக்கு ஊர்வலமாகப் போகிறது. யாராலும் காயப்படுத்த முடியாதவனுக்குத்தான் நாம் கவசம் போட்டுப் பார்க்கிறோம்.

கிரேக்கர்கள் மனிதனுக்குப் போட்டார்கள். ஆர்கோஸ் நகரத்தில் 1953இல் ஒரு கல்லறையிலிருந்து முன்தகடும் பின்தகடுமாக ஒரு வெண்கலக் கவசம் கிடைத்தது. கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடுப்புக்குக் கீழே மணியின் வாய்போல் விரிந்திருக்கும். அணிந்தவன் குனிய, நிமிர அந்த விரிவு வேண்டும். பிற்காலத்துக் கவசங்களில் மார்பின் தசைத் திரட்சியும் விலா மடிப்பும் தொப்புளும் உலோகத்திலேயே எழும்பி நிற்கும். நம் வெள்ளிக் கவசத்தில் திருமேனியின் மார்பும் உந்தியும் எழும்பி நிற்பதை இதோடு சேர்த்து நினைக்கிறேன். எந்த உடம்பை மறைக்கிறதோ, அந்த உடம்பையே வெளியில் வரைந்து காட்டுகிறது உலோகம்.

செய்முறையும் ஒன்றுக்கொன்று தூரமில்லை. நம் கைவினைஞர்கள் குங்கிலியமும் செங்கல் பொடியும் எண்ணெயும் கலந்து காய்ச்சிய மெழுகுப் படுக்கையில் தகட்டைப் பதித்து, உளியால் தட்டித் தட்டி உருவத்தை எழுப்புவார்கள். கற்றுக்குட்டிக்கு அவ்வளவு வேண்டாம். கறிக்கடையில் போட்டிருப்பதைப் போன்ற ஒரு புளியங்கட்டை, அதில் ஆழமில்லாமல் குடைந்த ஒரு குழி, தலை உருண்ட மரக் கொட்டாப்புளி, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் செம்புத் தகடு. குழியின் மேல் தகட்டை வைத்து உட்புறத்திலிருந்து தட்டினால் வெளிப்புறம் மேடிடும். காய்ச்சி எடுத்த தகட்டில் கறுப்பு படியும். புளிக்கரைசலில் தேய்த்தால் விட்டுப்போகும். பித்தளையைப் புதியவர்கள் தொடாமலிருப்பது நல்லது. சூடு மிஞ்சிவிட்டால் அதிலுள்ள துத்தநாகம் புகைந்து உடம்பைக் கெடுக்கும். வெண்கலமோ இன்னும் பிடிவாதக்காரன்.

தகட்டைத் தொடுவதற்கு முன்னால் உடம்பை அளக்க வேண்டும். செய்தித்தாளில் அச்சு வெட்டி மேலே வைத்துப் பார்க்கவேண்டும். கழுத்துக்குழி, தோள், அக்குள், விலா, வயிறு என்று ஒவ்வோர் இடமாக நின்று நின்று போகிற வேலை. அக்குளில் விரற்கடை அதிகமானாலும் கை ஏறாது. வயிற்றில் நீளம் கூடினால் உட்கார முடியாது. மார்பை மூச்சை முழுக்க இழுத்து நிறுத்தி அளக்க வேண்டும், இல்லாவிட்டால் கவசமே மூச்சை அடைத்துவிடும். இந்த அளவெடுப்பில் ஒரு பழைய பரிச்சயம் தட்டுப்பட்டது. தேவராய சுவாமிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் செய்வதும் இதுதான். தலையில் தொடங்கிப் பாதம்வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி அழைத்து வேலின் காவலில் வைக்கிறது. சிறுவயதிலிருந்து வாயில் ஓடிய வரிகளை, தாளும் கத்தரியுமாக என் விலாவைத் தொட்டுப் பார்த்தபோதுதான் நிதானமாகக் கேட்டேன். இத்தனை இடங்களில் காயப்படக் கூடியவனா மனிதன் என்ற இரக்கம் வந்தது. என்மேல் மட்டும் வந்த இரக்கம் இல்லை அது.

நம் பக்கத்து வீரர்கள் என்ன அணிந்தார்கள்? ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள், கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த தமிழ் பிராமி எழுத்துக் கொண்டவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், பட்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. பள்ளத்தாக்கின் கோடியில் இன்றும் ஒரு கூடலூர் இருக்கிறது. கல்லில் உருவம் கிடையாது, ஆயுதம் கிடையாது, கவசம் கிடையாது. பெயரும் ஊரும் நடந்ததும் மட்டும். முல்லைப்பாட்டில் வருகிற யவனர்கள் உடம்பை மூடிய சட்டையோடு அரசனின் பாசறையைக் காக்கிறார்கள். மாடுகளுக்காகச் செத்த அந்தவன் எதை அணிந்திருந்தான் என்று கல் சொல்லவில்லை. அந்தக் கல்லை எடுத்தவர்கள் அவன் விழுந்த பிறகு அவன் பெயருக்குக் காவலாக நின்றார்கள். இரண்டாயிரம் ஆண்டு கடந்து அந்தக் காவல் தாங்கியிருக்கிறது.

பதிற்றுப்பத்தின் புலவர்கள் இன்னொரு படி போகிறார்கள். மேற்கு மலைக்கு அந்தப்பக்கம் ஆண்ட சேர அரசனை, அவனுடைய வீரர்களுக்குக் கவசமே என்று விளிக்கிறார்கள். ஓர் ஆள் இன்னோர் ஆளுக்குக் கவசமாக நிற்பது என்ற எண்ணம் கிரேக்கரிடமும் உண்டு. தலைக்கவசமும் மார்க்கவசமும் அவரவர்க்கு, கேடயமோ வரிசை முழுவதற்கும் பொது என்று ஸ்பார்ட்டாவினர் கருதியதாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இடக்கையில் பிடித்த கேடயத்தின் பாதி, இடப்பக்கம் நிற்கிறவனைக் காக்கும். அதனால்தான் அதைப் போட்டுவிட்டு ஓடுவது பெரிய இழிவு.

இன்னும் ஒன்று, என்னை அதிகம் நிறுத்தி வைத்தது. ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலத் தலைக்கவசம் இருக்கிறது. ஜீயசுக்கு மில்டியாடிஸ் அர்ப்பணித்தது என்று அதன் விளிம்பில் எழுத்து வெட்டியிருக்கிறது. கி.மு. 490இல் மாரத்தானில் பாரசீகப் படையை வென்ற தளபதி அவர் என்றே கருதுகிறார்கள். உயிரைக் காத்த உலோகத்தைக் கழற்றிக் கோயிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த வீட்டு அம்மாவின் கேள்விக்கு கிரேக்க மண்ணிலிருந்தே வந்த பதிலாக அதை எடுத்துக்கொள்கிறேன். மனிதனுக்காகச் செய்த கவசமும் கடைசியில் சாமியிடம்தான் போய்ச் சேர்ந்தது.

கவசத்தைக் கழற்றிக் கொடுத்த இன்னொருவனின் கதைக்கு நம் சின்னமனூர் செம்பும் வழிகாட்டும். அங்கே கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் அரச வம்சத்தின் பெருமைகளை அடுக்கும்போது, மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் சேர்த்துச் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அழியாமல் செம்பில் நிற்கிற செய்தி. அந்த பாரதத்தில் கவசத்தோடு பிறந்தவன் கர்ணன் ஒருவன். அது இருக்கும்வரை சாவில்லை என்று தெரிந்தும், கேட்டவன் இந்திரன் என்று தெரிந்தும், தன் உடம்பிலிருந்து அறுத்துக் கொடுத்தான். அவன் வென்ற போர்களை மறந்தவர்களும் அந்தக் கொடையை மறக்கவில்லை. கிராமத்துக் கூத்தில் அந்த இடம் வரும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கவசத்தின் உச்சம் அதைக் கழற்றுகிற நேரம்தான் என்று நான் நம்பத் தொடங்கியிருக்கிறேன்.

அதற்காக அதைச் செய்யாமலே இருந்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். கழற்றிக் கொடுப்பதற்கும் ஒன்று கையில் இருக்க வேண்டும். பயத்தில் ஒருவன் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் கவசத்துக்கு அடி மட்டும்தான் தெரியும், நெருப்பு தெரியாது. அது இறுகிக்கொண்டே போய் ஒருநாள் விரிசல் விடுகிறது. அவ்வப்போது இளகச் சம்மதித்த உலோகம்தான் உடம்பின் வடிவத்தைக் கற்றுக்கொள்கிறது. வழிபாடு என்று நாம் செய்வதெல்லாம் அந்தக் காய்ச்சலுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி நடப்பவர்களின் மணிக்கட்டைப் பாருங்கள். மஞ்சள் கயிறு ஒன்று கட்டியிருக்கும். அதுவும் காப்புதான். சந்தனக் காப்பு, வெண்ணெய்க் காப்பு என்று ஒரு விரல் பட்டால் கலைந்துவிடக் கூடியவற்றையும் சாமிக்குக் காப்பு என்றே சாத்துகிறோம். வலிமையை நம்பிச் செய்வதில்லை அது. அன்பு எதைக் கொண்டு மூடினாலும் மூடியதுதான்.

அந்தக் கோயிலின் கதையே கண்ணைப் பற்றியது. பார்வை இழந்த பாண்டியன் அம்மனை வணங்கி மீண்டும் பார்வை பெற்றான் என்பார்கள்; ஆயிரங்கண் பானை எடுத்து நேர்த்திக்கடன் தீர்ப்பவர்களை இன்றும் காணலாம். மாரியம்மன் கோயில்களில் மெல்லிய தகட்டில் கண் வடிவம் அடித்துக் கண்மலர் என்று செலுத்துகிற வழக்கமும் உண்டு. கவசத்தின் மிகச் சிறிய உருவம் அது.

ஆகவே கவசம் செய்து பழக ஆசைப்படும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. மார்க்கவசத்தில் தொடங்காதீர்கள். உங்கள் ஊர்ப் பாத்திரப் பட்டறையில் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிற பெரியவரிடம் போய் உட்கார்ந்து, செம்பு எப்போது இளகியிருக்கிறது, எப்போது இறுகிவிட்டது என்று ஓசையால் அறியக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உள்ளங்கையளவு தகட்டில் ஒரு கண்மலர் அடியுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் கண் நோயால் வருந்தும் ஒருவரின் பெயரைச் சொல்லி அதை அம்மனுக்குச் செலுத்திவிட்டு வாருங்கள். பெரிய தகட்டை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம்.