யாருக்காக இந்த ஊசி?

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வருகிற போன் நல்ல செய்தியாக இருப்பதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்படித்தான் வந்தது. பேசியவர் என்னோடு ஒரே ஆபீஸில் பல வருஷம் வேலை பார்த்த நண்பர். அவருடைய எட்டு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அழுது தீர்த்துவிட்டார் போலிருக்கிறது. அன்றைக்கு அவர் குரலில் இருந்தது கோபம்.

"ஒரு ஃபாரத்தை நீட்டுறாங்க சார். ஏதோ ட்ரையலாம். குழந்தைங்களை ரெண்டு குரூப்பாப் பிரிப்பாங்களாம். ஒரு குரூப்புக்கு வழக்கமான மருந்து. இன்னொண்ணுக்கு அதுல ஒரு மருந்தை மட்டும் குறைச்சுக் குடுப்பாங்களாம். என் பொண்ணு எந்தக் குரூப்னு டாக்டர்கூட முடிவு பண்ண மாட்டாராம், கம்ப்யூட்டர் பண்ணுமாம். என் பொண்ணு என்ன சோதனை எலியா?"

"கையெழுத்துப் போடலைன்னா?"

"வழக்கமான மருந்தே குடுப்பாங்களாம். ஒரு குறையும் வைக்க மாட்டாங்களாம். ஆனா நம்ப முடியுமா, சொல்லுங்க?"

காலையில் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. நியாயமான கேள்விதானே அது? நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். அதற்கு முன்னால் பாஸ்டன் நகரத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்.

1947. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்று ஒரு டாக்டர். நோயியல் நிபுணர். அதாவது இறந்த குழந்தைகளின் உடம்பைப் பரிசோதித்து, எதனால் இறந்தது என்று சொல்கிறவர். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் அவரிடம் தவறாமல் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு அதற்கு மருந்து கிடையாது. கண்டுபிடித்த சில வாரங்களில், மிஞ்சிப்போனால் சில மாதங்களில் முடிந்துவிடும். இறந்த பிறகு பார்ப்பதைவிட உயிரோடு இருக்கும்போதே ஏதாவது செய்து பார்த்தால் என்ன என்று ஃபார்பருக்குத் தோன்றியது.

ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைப் பற்றி அப்போது நிறையப் பேச்சு. கீரையில் இருப்பது. அதன் கதைக்கு ஒரு பம்பாய் அத்தியாயமும் உண்டு. 1920களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் அங்கே வந்து, ரத்தசோகை பிடித்த கர்ப்பிணிகளுக்கு மார்மைட் கொடுத்து குணப்படுத்தினார். அதில் இருந்த சங்கதிதான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று தெரியவந்தது. ரத்தசோகையில் ரத்தத்தைச் சரிசெய்கிற வஸ்து, ரத்தப் புற்றிலும் சரிசெய்யக்கூடாதா? ஃபார்பர் அந்த வகை மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்.

நோய் குறையவில்லை, நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. மருந்து கொடுத்த குழந்தைகளிடம் நோய் வேகம் எடுத்ததை ஃபார்பரே பதிவு செய்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மருத்துவ வரலாற்றுப் புத்தகங்கள் இதை ஒரே வரியில் தாண்டி அடுத்த பக்கம் போய்விடுகின்றன. என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை. எப்படியும் சாகப்போகிற குழந்தைகள்தான். ஆனாலும் மூன்று மாதம் இருக்க வேண்டிய பிள்ளை இரண்டு மாதத்தில் போயிருந்தால் அந்த ஒரு மாதம் யார் கணக்கில்? ஒரு மாதத்தில் ஒரு பிறந்தநாள் வந்திருக்கலாம். ஒரு கிறிஸ்துமஸ் வந்திருக்கலாம்.

அதே 1947-ன் ஆகஸ்ட் மாதம்தான் நாஜி டாக்டர்களின் வழக்கில் தீர்ப்பு வந்தது. மனிதர்கள் மேல் செய்கிற சோதனைகளுக்கான நியூரம்பர்க் விதிகள் அதில் பிறந்தன. முதல் விதி: சோதனைக்கு உட்படுகிறவரே மனமொப்பி, தன் இஷ்டத்துக்குச் சம்மதிக்க வேண்டும். அருமையான விதி. ஆனால் மூன்று வயதுக் குழந்தை எப்படிச் சம்மதிக்கும்? எழுத்துக்கு எழுத்து அந்த விதியைப் பின்பற்றினால் குழந்தைகள் மேல் ஒரு சோதனையும் செய்ய முடியாது. செய்யாவிட்டால் குழந்தைகளுக்கு மருந்தே வராது. இந்தச் சிக்கல் இன்றைக்கும் முழுசாக அவிழவில்லை.

ஃபார்பர் தன் தோல்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். இந்த வைட்டமின் புற்று அணுக்களுக்குத் தீனி என்றால், தீனியைத் தடுத்தால்? பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவி மாதிரி, ஃபோலிக் அமிலம் போலவே தோற்றமளிக்கிற ஒரு போலி வேண்டும். அதைச் செய்து அனுப்பியது லெடர்லி என்ற மருந்து கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். அதன் தலைவர் யெல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சுதேசி மோகத்தில் கதர் உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியர் கடுப்பாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். வாங்கிக்கொண்டு அமெரிக்கா போன மனிதர்.

1947 டிசம்பர் கடைசியில் அந்தப் போலிச் சாவி, அமினாப்டெரின், குழந்தைகளுக்குப் போடப்பட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. நிம்மதியாகச் சாக விடக்கூடாதா என்று முணுமுணுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுவும் கருணையின் குரல்தான். 1948 ஜூனில் ஃபார்பர் குழு கட்டுரை வெளியிட்டது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். வீங்கிய வயிறு வற்றியது, ரத்தம் சீரானது. அதுவரை உலகத்தில் யாரும் பார்க்காத விஷயம். ஆனால் கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிக' என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். சில மாதங்களில் நோய் திரும்பியது. சுப்பாராவும் அதே வருஷம் ஆகஸ்ட்டில் இறந்துபோனார்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960களின் தொடக்கத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் என்ற இரண்டு எமில்கள், நான்கு விஷங்களை ஒன்றாகக் கலந்து கொடுத்தார்கள். அதில் ஒன்று நம் ஊர் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. சுடுகாட்டு மல்லி என்று வீட்டில் வைக்க மாட்டார்களே, அதே செடிதான். சர்க்கரை நோய்க்குக் கைவைத்தியம் என்று கேள்விப்பட்டுச் சோதிக்கப்போய், வெள்ளணுக்களைக் குறைக்கிறது என்று தெரிந்தது. நான்கு விஷத்தில் ரத்தம் சுத்தமானது. பிறகு சில குழந்தைகளுக்குத் தலைவலி வந்தது. நோய் மூளையில் போய் ஒளிந்துகொண்டிருந்தது. மருந்து எட்டாத இடம். மெம்பிஸ் நகரத்தில் டொனால்ட் பின்கெல் என்ற டாக்டர், தலைக்குக் கதிர்வீச்சும் முதுகுத் தண்டு வழியாக மருந்தும் கொடுத்துப் பார்த்தார். 1960களின் கடைசியில் நடந்த அவருடைய ஐந்தாவது திட்டத்தில் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். தற்காலிகமாக இல்லை, நிஜமாகவே.

பிழைத்தவர்கள் வளர்ந்தபோது அடுத்த கணக்கு வந்தது. கதிர்வீச்சு வாங்கிய சிலருக்குப் படிப்பு ஏறவில்லை, சிலருக்கு உயரம் வரவில்லை, சிலருக்கு வேறொரு கட்டி வந்தது. உடனே கேள்வி தலைகீழானது: எவ்வளவு கூட்டலாம் என்பது போய், எவ்வளவு குறைக்கலாம்? பின்கெல் வேலை பார்த்த அதே செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியில் 2000-லிருந்து 2007 வரை 498 குழந்தைகளுக்குத் தலைக் கதிர்வீச்சே இல்லாமல் வைத்தியம் செய்தார்கள். ஐந்து வருஷக் கணக்கில் நூற்றுக்கு 93 பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். குறைத்துக் கொடுப்பதும் ஒரு துணிச்சல்தான், யோசித்துப் பாருங்கள். முதன்முதலில் குறைத்துக்கொண்ட பிள்ளையின் அம்மாவுக்கு எத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்கும்?

இப்போது நண்பரின் ஃபாரத்துக்கு வருவோம். 'வழக்கமான மருந்து' என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்னாரே, அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மில்லிகிராமுக்குப் பின்னாலும் ஒரு குழந்தை இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் தங்களுக்கு எந்த லாபமும் இல்லாமல் போனவர்கள்.

அதனால் உங்கள் பெண்ணும் கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவரிடம் சொல்லலாமா? அந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. தாத்தா பனங்கொட்டை ஊன்றினார், பேரன் நுங்கு தின்றான், நீயும் ஊன்று என்று பெரியவர்களிடம் சொல்லலாம். தாத்தா தெரிந்து ஊன்றினார். பாஸ்டன் குழந்தைகள் எதையும் தெரிந்து ஊன்றவில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டதை 'தியாகம்' என்று சொல்வது நம் மன நிம்மதிக்காக. அதைக் காட்டி இன்னொரு எட்டு வயசுப் பிள்ளையிடம் வசூல் பண்ணுவது அதைவிட மோசம்.

அப்படியானால் எது நியாயம்? ஒரு மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்றார் கான்ட். அதில் 'மட்டும்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எலிக்கும் குழந்தைக்கும் வித்தியாசம் அங்கேதான். எலிக்கு அந்தச் சோதனையில் சொந்த நன்மை கிடையாது. இந்த ட்ரையலில் எந்தக் குரூப்பில் விழுந்தாலும், பிள்ளைக்கு நல்ல வைத்தியம் என்று டாக்டர்கள் நம்புவதுதான் கிடைக்கும். இரண்டில் எது மேல் என்று டாக்டருக்கே நிஜமாகத் தெரியாது. தெரிந்தால் கம்ப்யூட்டரைக் கேட்பது துரோகம். தெரியாதபோது, தெரிந்த மாதிரி ஒன்றை எழுதிக் கொடுப்பதும் சோதனைதானே? கணக்கு எழுதாத சோதனை, அவ்வளவுதான்.

வெளிநாட்டில்தான் எல்லாம் சோதித்துவிட்டார்களே, நம் பிள்ளைகள் எதற்கு என்று கேட்கலாம். அவர்கள் மருந்துச் சீட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால், புற்றுநோயில் தப்பிய குழந்தை தொற்றுநோயில் போய்விடும். ஊட்டம் குறைந்த உடம்பு, ஆஸ்பத்திரிக்கு வரவே ஒரு நாள் பஸ். 1980களில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் மும்பை டாடா ஆஸ்பத்திரியும் டெல்லி எய்ம்ஸும் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து நமக்கென்று ஒரு சிகிச்சைமுறையைக் கொண்டுவந்தன. அதன் பிறகுதான் இங்கே பிழைக்கிறவர்கள் எண்ணிக்கை கணிசமாக ஏறியது.

ஆனாலும் நண்பரின் கடைசிக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. 'நம்ப முடியுமா?' தாலியை அடகு வைத்துவிட்டு வார்டு வாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஒரு அம்மாவிடம் ஃபாரத்தை நீட்டினால், அவள் படிக்கவா போகிறாள்? 'வேண்டாம்னா டாக்டர் கோவிச்சுக்குவாரோ' என்ற பயத்தில் கைநாட்டு வைப்பாள். அது சம்மதம் இல்லை. வேண்டாம் என்று தைரியமாகச் சொல்ல முடிகிற இடத்தில்தான் சரி என்பதற்கு அர்த்தம் உண்டு. காலையில் நண்பருக்கு இதைத்தான் சொன்னேன்: "டாக்டர்கிட்ட போய், போட மாட்டேன்னு சொல்லிப் பாருங்க. அவர் முகம் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

சொல்லியிருக்கிறார். டாக்டர் முகம் மாறவில்லையாம். "சரி, நாளைக்கு மருந்து ஆரம்பிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டு, நண்பருடைய சந்தேகங்களுக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னாராம். குறைக்கப் போகிற மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது, இவ்வளவு தேவைதானா என்பதுதான் கேள்வி என்றாராம். அன்று மாலை நண்பர் கையெழுத்துப் போட சம்மதித்தார்.

அதோடு முடியவில்லை. ஏழு வயது தாண்டிய பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நெறிமுறை. டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து விளக்கியிருக்கிறார். "ஊசி குறையுமா?" என்று கேட்டிருக்கிறாள். குறையாது, ஒரு மருந்து மட்டும் குறையலாம், குறையாமலும் போகலாம். "அப்ப எதுக்கு?" உனக்கப்புறம் வர்ற பாப்பாக்களுக்கு எவ்வளவு போதும்னு எங்களுக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதுகுல ஊசி போடறப்ப அப்பா உள்ள வரணும், அப்பதான்" என்றாளாம்.

கம்ப்யூட்டர் அவளை வழக்கமான மருந்து குரூப்பில் போட்டது. நண்பர் மறுபடி போன் செய்தார். குரலில் ஏமாற்றம். "குறைச்ச குரூப்புல வந்திருந்தா அந்த ஹார்ட் மருந்து கம்மியாப் போயிருக்கும் சார்..."

"பத்து நாள் முன்னாடி சோதனை எலின்னீங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரி சார், வெச்சுடறேன். நாளைக்குக் காலைல முதுகு ஊசி. நான் ஏழு மணிக்கே உள்ள நிக்கணும், லேட்டானா சம்மதம் வாபஸ்னு சொல்லிட்டா."