வாங்குகிறவர் குறைத்துக்கொண்டால்

2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் வயதுவந்தவர்கள் கஞ்சா வாங்குவதும் புகைப்பதும் குற்றமல்ல. அந்தச் சட்டத்தோடு ஒரு புதிய வேலையும் பிறந்தது. கஞ்சாக் கடைக்கு வருகிறவரிடம் தூக்கத்துக்கா, நண்பர்களோடு சிரித்துப் பேசவா என்று விசாரிக்க வேண்டும், போதை தரும் டி.எச்.சி. எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். துளைபோட்ட மூடியுள்ள குப்பியை மோந்து பார்க்கக் கொடுக்க வேண்டும். சிவப்பு முத்திரையும் மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கையும் அச்சிட்ட, குழந்தைகளால் திறக்க முடியாத டப்பாவை எடுத்து நீட்ட வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் நல்ல மனநிலையில் வருகிறார்கள், சம்பளம் வங்கியில் விழுகிறது, வரி பிடிக்கிறார்கள். ஆனாலும் ஸ்கார்பரோவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை இந்த வேலைக்குப் போனால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அத்தையிடம் அம்மா 'கடையில நிக்கிறான்' என்று மட்டும்தான் சொல்வாள். என்ன கடை என்று அத்தை கேட்காமல் இருக்க வேண்டும். அந்தத் தயக்கத்தைப் பழம்பஞ்சாங்கம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு உண்மையான கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன்: சட்டம் அனுமதிக்கிறது, செய்கிறவருக்கும் பிடித்திருக்கிறது, இவ்வளவு போதுமா, ஒரு பிழைப்பு நல்ல பிழைப்பு ஆவதற்கு?

சட்டத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. ஏறக்குறைய ஒரு கிலோவைக் கடத்தச் சதி செய்ததாகத் தமிழர் ஒருவரை 2023 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். அங்கிருந்து சிறிது நேர விமானப் பயணத்தில் இருக்கும் தாய்லாந்து, அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில்தான் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்திருந்தது. பாங்காக்கில் தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு திரும்பவும் கயிற்றை இழுத்தது. நெதர்லாந்தில் காபி ஷாப் என்ற பெயரில் ஆளுக்கு ஐந்து கிராம் வரை விற்பதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். ஆனால் அந்தக் கடைக்குச் சரக்கு கொடுப்பது குற்றமாகவே இருந்தது. முன்வாசலில் வியாபாரம், பின்வாசலில் குற்றம். நம் நாட்டைப் பார்த்துச் சிரிக்கவும் இடமிருக்கிறது. 1985-ஆம் ஆண்டு இந்தியப் போதைப்பொருள் சட்டப்படி செடியின் பூ கஞ்சா, தனித்த இலை கஞ்சா அல்ல; அதனால் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் இலையில் செய்யும் பாங் விற்க உரிமம் பெற்ற கடைகள் நடக்கின்றன. ஒரே செடியை விற்பவன் ஓரிடத்தில் கடைக்காரன், ஓரிடத்தில் தூக்குக் கைதி. சட்டம் எல்லைக்கோட்டுக்கு எல்லைக்கோடு மாறலாம். மனசாட்சி குடிவரவுச் சாவடியில் கட்சி மாற முடியுமா?

சமயங்களிடம் போனால் அங்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை, ஆனால் கேள்வி கூர்மையாகிறது. பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் போதையை விலக்கச் சொல்கிறது, அது கவனத்தைக் கெடுக்கும் என்ற காரணத்தால். அதோடு நிற்கவில்லை. எண்வழியில் நல்வாழ்க்கை என்று ஒரு படி உண்டு. இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வியாபாரங்களை அங்குத்தர நிகாயம் பட்டியலிடுகிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, நஞ்சு. குடிக்கிறவனைத் தாண்டி விற்கிறவனையும் நிறுத்தி விசாரிக்கிறது அந்த மரபு. இஸ்லாமிய மரபு இன்னும் நீட்டிக்கிறது. மதுவைப் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், விற்ற காசில் உண்பவர் எல்லோரும் கணக்கில் வருகிறார்கள். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கினார். காசு கொடுத்துத் தன்னை மறக்கிறவனின் பேதைமையைச் சொன்னார், விற்கிறவனைப் பற்றி அந்தப் பத்தில் பேசவில்லை. மறுபக்கம் ஜமைக்காவின் ரஸ்தஃபாரியர்களுக்குக் கஞ்சா பிரசாதம். 2015-இல் அந்த நாட்டுச் சட்டமே அதை ஏற்றது. அந்தச் செடி அங்கே போனது 19-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கூலிகள் ஏறிய கப்பல்களில்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது பெல்ஜியத்து வெஸ்ட்ஃப்ளெடெரன் துறவிகள்தான். டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர். தங்கள் கையுழைப்பில் வாழ வேண்டும் என்பது ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த விதி. (அதே விதிநூலில், துறவிக்கு ஒயின் ஆகாது, சொன்னால் இக்காலத்துத் துறவிகள் கேட்பதில்லை என்று அலுத்துக்கொண்டு அளவாகக் குடிக்க அனுமதிக்கிறார். பெரியவர்களின் அலுப்புக்கும் வயது ஆயிரத்தைந்நூறு.) இவர்கள் காய்ச்சும் பீரில் ஒரு வகை பத்து சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால் உள்ளது, உலகின் மிகச் சிறந்த பீர் என்று ரசிகர்கள் கொண்டாடுவது. நீண்ட காலம் பாட்டிலில் லேபிளே கிடையாது, மூடியின் நிறத்தை வைத்துத்தான் வகை தெரியும். முன்பதிவு செய்து, கார் எண்ணைப் பதிந்து, மடத்து வாசலுக்கே போய் மரப்பெட்டியில் வாங்கிவர வேண்டியிருந்தது. வாங்கியதை மறுவிற்பனை செய்யக் கூடாது. உலகமே வரிசையில் நின்றாலும் உற்பத்தியைப் பெருக்குவதில்லை. 2011-12-இல் மடத்துக் கட்டட வேலைக்காக ஒரு முறை கூடுதலாக விற்றார்கள். தேவை தீர்ந்ததும் பழைய அளவுக்குத் திரும்பினார்கள். டிராப்பிஸ்ட் முத்திரைக்கே நிபந்தனை உண்டு: மதுவடித்தல் துறவு வாழ்வுக்கு அடுத்த இடத்தில்தான் இருக்க வேண்டும், லாபம் குவிக்கக் கூடாது.

பௌத்தம் விலக்கிய வியாபாரத்தை ஒரு கிறித்துவ மடம் செய்கிறது. யார் சரி? இரண்டும் காக்க நினைப்பது ஒன்றைத்தான் என்பது என் வாதம். விற்கிற பொருளைப் பார்த்து மட்டும் பிழைப்பைத் தீர்ப்பிட முடியாது. விற்கிறவனின் வருமானம் எதைச் சார்ந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தன்னிடம் அதிகம் வாங்குகிறவர் நாளை பாதியாகக் குறைத்துக்கொண்டால் விற்கிறவனால் மனதார மகிழ முடியுமா? வெஸ்ட்ஃப்ளெடெரன் துறவியால் முடியும். வரிசையில் அடுத்தவர் நிற்கிறார், துறவிக்கு வேண்டியது அன்றன்றைய பிழைப்பு. வளர்ச்சியைப் பங்குதாரர்களிடம் காட்ட வேண்டிய நிறுவனத்தால் முடியாது. அமெரிக்காவின் கொலராடோவில் 2014 ஜனவரியில் கஞ்சாக் கடைகள் திறந்த அதே ஆண்டு மாநில அரசுக்காகச் செய்த ஆய்வில், பயன்படுத்துவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே மொத்தத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கை உண்டாக்குகிறார்கள் என்று தெரிந்தது. வார இறுதியில் சிரிக்க வரும் நண்பர்களால் அந்தக் கடை ஓடவில்லை. காலையில் எழுந்ததும் பற்றவைக்கிறவரால் ஓடுகிறது. அப்படிப்பட்டவர் ஒவ்வொருவராகத் தெளிந்தால் கடைக்குப் பூட்டு. வேலை எவ்வளவு இனிமையானதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது; வேலையின் இனிமை அதைக் கண்ணுக்கு மறைக்கக்கூடும்.

சட்டபூர்வமாக்கியதே பிழை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். உருகுவே 2013-இல் சட்டம் இயற்றி, 2017-இல் மருந்துக்கடைகளில் விற்பனை தொடங்கியது. பதிவு செய்துகொண்ட குடிமகனுக்கு மாதம் 40 கிராம்தான், விலையும் அரசு வைத்தது. கடைக்காரர் நினைத்தாலும் அதிகம் விற்க முடியாது. கியூபெக் மாகாணத்தில் கஞ்சா விற்கும் அரசு நிறுவனத்துக்கு, நுகர்வை ஊக்குவிக்காமல் விற்க வேண்டும் என்பதே சட்டம் இட்ட வேலை. கஞ்சா அதே கஞ்சாதான். விற்கிறவனின் ஆசைக்கு வரம்பு கட்டியதில்தான் வித்தியாசம்.

வளர்ந்த மனிதன் தன் உடம்பை என்ன செய்தால் உனக்கென்ன என்று கேட்பார்கள். அந்தக் கட்சியின் மூலவர் ஜான் ஸ்டூவர்ட் மில். குடிக்கிறவனின் சுதந்திரத்துக்காக 1859-இல் வாதாடிய அதே நூலில், குடியைப் பெருக்குவதில் வியாபாரிக்கு இருக்கும் ஆதாயம் உண்மையான தீமை என்றும், அவன்மேல் அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அவரே எழுதினார். வாங்குகிறவனின் உரிமை வேறு, விற்கிறவனின் ஒழுக்கம் வேறு. இனிப்புக் கடைக்கும் கைப்பேசி விளையாட்டுக்கும் இதே கேள்வி பொருந்துமே என்றால், பொருந்தட்டும். அளவில்லாமல் செலவழிக்கும் சிலரை நம்பி ஓடும் விளையாட்டுச் செயலியை உருவாக்குகிறவரும் தம் வேலையை ரசித்துத்தான் செய்கிறார். சட்டபூர்வமான இனிய வேலைகள் பலவற்றை இந்தக் கேள்வி உலுக்கும், அதற்குப் பயந்து கேட்காமல் இருக்க முடியாது.

கனமான ஆட்சேபம் இன்னொன்று. கல்விக் கடனோடு நிற்கும் இருபத்திரண்டு வயதுக்காரரிடம் போய்ச் சீலம் பேசுவதா? நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இதே செடிக்காகக் கறுப்பினத்தவர்களை வெள்ளையர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலான விகிதத்தில் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று உரிமம் பெற்றுக் கடை வைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். கூலிக்கு நிற்கிறவரின் பங்கு சிறியது. விற்பனை இலக்கு வைக்கிறவரின் பங்கு பெரியது, அந்த இலக்கிலிருந்து தன் ஆண்டு வரவைக் கணக்கிடுகிறவரின் பங்கு அதனினும் பெரியது. இதை எழுத வெளிநாடு போயிருக்கவே வேண்டாம். 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையாளர் அரசுதான். டாஸ்மாக் மேசைக்குப் பின்னால் நிற்கும் ஊழியரை ஊர் கேலி செய்கிறது, பெண் கொடுக்கத் தயங்குகிறது. தீபாவளிக்கு எத்தனை கோடிக்கு விற்றது என்ற கணக்கைக் கையில் வைத்திருக்கும் அரசிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. குடிமக்கள் நாளை பாதியாகக் குறைத்துக்கொண்டால் அந்த அரசால் மகிழ முடியாது. அதன் பட்ஜெட் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.