சித்திரகுப்தர் எப்படிப் பேசுவார்?

சித்திரகுப்தர் என்றதும் உங்களுக்கு யார் முகம் ஞாபகம் வருகிறது? எனக்கு செந்தில். 1995-ல் வந்த ‘லக்கி மேன்’ படத்தில் கவுண்டமணி எமன், இவர் கணக்குப்பிள்ளை. சினிமா சித்திரகுப்தர்கள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். தொந்தி, அசட்டுச் சிரிப்பு, எமன் அதட்டினால் குழறுகிற குரல். ஏட்டைப் புரட்டோ புரட்டென்று புரட்டிவிட்டு, ‘‘பிரபோ... ஆள் மாறிப் போச்சு!’’ என்று இழுப்பார்கள்.

காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. போய்ப் பாருங்கள். வலது கையில் எழுத்தாணி, இடது கையில் சுவடி. அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். அங்கே சிரிப்பு வராது.

எமனாவது ஒருநாள்தான் வருவார். இவர் தினமும் எழுதுகிறவர். அந்தப் பயத்தில்தான் இவரைக் கோமாளியாக்கி வைத்திருக்கிறோமோ என்று தோன்றுகிறது. தப்புக் கணக்குப் போடுகிற ஆள் என்றால் நமக்கும் கொஞ்சம் தைரியம்தானே?

பி.காம். படித்தவனுக்கு இதில் ஒரு சந்தேகம். பேரேட்டில் பற்றும் வரவும் நேரானால் கணக்கு முடிந்தது. தம்பியின் பங்கை ஏமாற்றி எழுதி வாங்கிய அண்ணன், சித்ரா பௌர்ணமியன்று ஆயிரம் பேருக்கு அன்னதானம் போடுகிறார். நேராகிவிடுமா? சாப்பிட்டவர்கள் வாழ்த்தியது நிஜம். பசியாறியதும் நிஜம். வரவில் எழுதத்தான் வேண்டும். ஆனால், பற்று இருப்பது தம்பி பெயரில் அல்லவா!

அந்தத் தம்பியிடம் போய், ஆளை மாற்றி எழுதுகிற கணக்குப்பிள்ளை போதுமா என்று கேட்டுப் பாருங்களேன்.